போலி உதிரிப்பாகமும் சிப்பியில் தெரிந்த வெள்ளியும்

இயந்திரத்தின் ஆயுள் வேறு, அதற்குள் இருக்கும் பாகத்தின் ஆயுள் வேறு. ஒரு போர் விமானம் முப்பது நாற்பது ஆண்டு பறக்கிறது. அதன் மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்த சில்லு சந்தையில் சில ஆண்டுகள்தான் கிடைக்கும். ரயில் சமிக்ஞை, மின் நிலையம், மருத்துவமனையின் ஸ்கேன் கருவி எல்லாவற்றிலும் இதே நிலைதான். பாகத்தைச் செய்தவர் செய்வதை நிறுத்திவிடுகிறார், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தேய்ந்ததை மாற்றியாக வேண்டும், மாற்றுவதற்கு ஒரிஜினல் இல்லை. கடைத்தெருவில் 'டூப்ளிகேட்' என்று சொல்லப்படும் போலி உதிரிப்பாகம் அந்த இடைவெளிக்குள்தான் நுழைகிறது.

பொறியாளர்கள் இதற்கு விதிமுறைகள் வகுத்திருக்கிறார்கள். பாகங்கள் வழக்கொழிவதை முன்கூட்டிக் கணித்துச் சமாளிக்க ஐஇசி 62402 என்ற சர்வதேசத் தரம் உண்டு. போலி மின்னணுப் பாகங்களைத் தவிர்க்க எஸ்ஏஇ அமைப்பு 2009-ல் ஏஎஸ்5553 என்ற தரத்தை வெளியிட்டது. ஆனால் இந்த விதிகளுக்கு அடியில் கிடப்பவை பொறியியல் கேள்விகள் அல்ல. ஒரு பொருள் உண்மையானது என்பதற்கு எது ஆதாரம்? போலி என்று அறியாமலே அதைப் பொருத்தியவருக்குப் பழி உண்டா? செய்பவரின் கடமை விற்ற அன்றோடு தீர்ந்துவிடுகிறதா? சைவ சித்தாந்தமும் நியாயமும் பௌத்தமும் சமணமும் வேறு பொருள்களை முன்வைத்து நெடுங்காலம் வாதிட்ட கேள்விகள் இவை.

மும்பையில் காட்கோபருக்கும் காஞ்சூர்மார்க்குக்கும் இடையில் உள்ள விக்ரோலியில் இந்தக் கேள்விகளின் இரு கரைகளையும் பார்க்கலாம். 1943-ல் பிரோஜ்ஷா கோத்ரெஜ் அங்கே பெரும் நிலப்பரப்பை வாங்கினார், சதுப்பும் புதருமாக இருந்த இடம் தொழிற்சாலை நகரமானது. 1955-ல் கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே உருவான தட்டச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 இயந்திரங்கள் விற்ற காலமும் இருந்தது. பின்னர் உற்பத்தி சாதாரா மாவட்டத்தின் ஷிர்வலுக்கு மாறி, 2009-ல் நின்றது. 2011 ஏப்ரலில் உலகப் பத்திரிகைகள் அதைத் தட்டச்சு யுகத்தின் முடிவு என்று எழுதின.

யுகம் முடியவில்லை. தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகளுக்கு அதன் பிறகும் பல ஆண்டுகள் மாணவர்கள் அதே இயந்திரங்களில்தான் பயின்றார்கள். அரசுப் பணியில் தட்டச்சர் இடம் வேண்டுமென்றால் அந்தச் சான்றிதழ் வேண்டும். சிற்றூர்ப் பயிலகங்களில் ரோலர் கெட்டிப்படும், ஸ்பிரிங் தளரும், எழுத்துக் கம்பி வளையும். மெக்கானிக் என்ன செய்வார்? ஓடாத இயந்திரம் ஒன்றைப் பிரித்து ஓடும் இயந்திரத்துக்குப் போடுவார், அல்லது லேத்தில் கடைந்து கொடுப்பார். இவற்றில் எதுவும் போலி அல்ல. பழையது பழையது என்றே சொல்லப்படுகிறது, கடைந்தது கடைந்தது என்றே சொல்லப்படுகிறது. பாகம் அசலா மாற்றா என்பதை வைத்துப் போலி தீர்மானமாவதில்லை. அதைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல் மெய்யா என்பதை வைத்துத்தான் தீர்மானமாகிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. விக்ரோலியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தாராவியில், பல தலைமுறையாகத் தமிழர்களும் உழைக்கும் மறுசுழற்சிப் பட்டறைகளில், கழித்துப்போட்ட பிளாஸ்டிக்கும் உலோகமும் மின்னணுக் குப்பையும் தரம் பிரிக்கப்படுகின்றன. போலிப் பாகங்களைப் பற்றிப் பேசுபவர்கள் பலர் இப்படிப்பட்ட இடங்களையே குற்றத்தின் பிறப்பிடமாகக் காட்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பழைய பலகையிலிருந்து ஒரு சில்லைக் கழற்றி எடுப்பது உழைப்பு. கழற்றிய சில்லின் மேற்பரப்பைத் தேய்த்து, பழைய எழுத்தை அழித்து, கறுப்புப் பூச்சிட்டு, புதிய தேதிக் குறியையும் உயர்ந்த ரகத்தின் எண்ணையும் அச்சிட்டு, புதிது என்று விற்பதுதான் குற்றம். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் பல கைகள் இருக்கின்றன.

அந்தக் கைகள் எவ்வளவு தூரம் நீள்கின்றன என்பதை அமெரிக்க செனட்டின் ஆயுதப் படைகள் குழு 2012 மே மாதம் வெளியிட்ட அறிக்கை காட்டியது. சுமார் 1,800 சம்பவங்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சந்தேகத்துக்குரிய பாகங்கள். சி-130ஜே சரக்கு விமானத்தின் திரைகளிலும், கடல் ரோந்து விமானமான பி-8ஏ-வின் பனி உணர் கருவியிலும் அப்படிப்பட்டவை அகப்பட்டன. அதே குடும்பத்தைச் சேர்ந்த பி-8ஐ விமானங்களை இந்தியக் கடற்படை அரக்கோணத்தின் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் வைத்திருக்கிறது என்பதால் இது தமிழ் வாசகருக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. இந்தியாவிலும் 2017 ஜூலையில் மத்திய புலனாய்வுத் துறை ஒரு வழக்குப் பதிந்தது. தனுஷ் பீரங்கிக்கென ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலைக்கு வந்த பேரிங்குகள் சீனாவில் செய்யப்பட்டவை, ஜெர்மனியில் செய்தவை என்று முத்திரையிட்டுத் தரப்பட்டவை என்பது குற்றச்சாட்டு.

ஊர் மாற்றிச் சொல்லும் இந்தக் குற்றம் புதிதல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நான்காம் அதிகரணத்தில், ஓரிடத்துச் சரக்கை வேறோர் இடத்துச் சரக்கு என்று விற்பவனையும், மட்டத்தை உயர்ந்ததென விற்பவனையும், விற்ற பொருளைக் கைமாற்றி வேறொன்றைத் தருபவனையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. 54 பணம் அபராதம், கூடவே நட்டத்தை ஈடுசெய்யவும் வேண்டும். சட்டம் இதை வஞ்சனை என்று கண்டுகொண்டது. வஞ்சனை எந்த வகைப் பாவம் என்பதை ஆராய்ந்தது சமணம்.

உமாஸ்வாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்கு நேரும் மீறல்கள் ஐந்தைப் பட்டியலிடுகிறது: களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், நாட்டு விதிகளைக் கடந்து வணிகம் செய்தல், கள்ள அளவும் கள்ள எடையும், கடைசியாகப் 'பிரதிரூபக வியவகாரம்', அதாவது ஒன்றைப்போல் மற்றொன்றைச் செய்து விற்றல். செயற்கைப் பொன் போன்றவற்றைக் கொண்டு ஏமாற்றி நடத்தும் வணிகம் என்று உரையாசிரியர் பூஜ்யபாதர் அதை விளக்குகிறார். கவனிக்க வேண்டியது இது வைக்கப்பட்ட இடம். போலி விற்பது பொய்யாமையின் மீறலாக இல்லாமல் கள்ளாமையின் மீறலாக வைக்கப்பட்டிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது விசித்திரம், ஏனென்றால் போலி முதன்மையாக ஒரு பொய். ஆனால் அங்கே களவுபோவது என்ன என்று கேட்டால் அந்த வகைப்பாட்டின் கூர்மை புரியும். வாங்குபவர் கொடுத்த பணம் மட்டும் போகவில்லை. உண்மையான தயாரிப்பாளர் பல்லாண்டு உழைத்துத் தன் பெயருக்குச் சேர்த்த நம்பிக்கை போகிறது. அந்த விமானத்தில் ஏறுகிறவர் தம் உயிரைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய அறிவும் அவரைக் கேட்காமலே எடுக்கப்படுகிறது. பொய் என்பது கேட்பவரோடு முடியும். களவு கேட்காதவரையும் தொடும். போலிப் பாகத்தின் தீங்கு இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தெரியாமல் செய்தவரின் பழி பற்றிய கேள்வியிலும் சமணத்துக்கும் பௌத்தத்துக்கும் இடையிலான பழைய வழக்கு இங்கே உயிர் பெறுகிறது. பௌத்தத்தில் வினையின் உயிர் எண்ணத்தில் இருக்கிறது. எண்ணம் இல்லாத இடத்தில் தீவினையின் முழு எடை ஏறாது. போலி என்று அறியாமல் பொருத்திய மெக்கானிக் இந்த நோக்கில் பெரும்பாலும் தப்பிவிடுவார். தத்துவார்த்த சூத்திரமோ இம்சையை வரையறுக்கும்போது கவனமின்மையை, 'பிரமாத'த்தை, வரையறைக்குள்ளேயே வைக்கிறது. கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும், பார்த்து நடந்திருக்க வேண்டிய இடத்தில் பாராமல் நடந்தவருக்குப் பொறுப்பு உண்டு. அதே சமயம் முழுக் கவனத்தோடு நடந்தும் ஓர் உயிர் காலடியில் பட்டுவிட்டால் அந்தப் பழி அதே அளவில் ஏறாது. தமிழில் நீலகேசி முதலான நூல்கள் பௌத்தரோடு வாதிட்ட மரபில் இந்த வேறுபாடு நன்கு அறிமுகமானது. இன்றைய தொழில்நுட்பத் தரங்கள் சமணத்தின் பக்கமே நிற்கின்றன. 'எனக்குத் தெரியாது' என்ற பதிலோடு அவை நிறைவடைவதில்லை. தெரிந்துகொள்ள என்ன செய்தீர் என்று கேட்கின்றன. அதற்கு ஏட்டில் பதில் இருந்தால் மட்டுமே பொறுப்பு இறங்குகிறது. இது கடுமையான நிலைப்பாடு, ஆனால் பிறர் உயிர் தன் கையில் இருக்கும் தொழிலுக்கு இதைவிடக் குறைந்தது போதாது.

பாகங்களைப் பற்றிப் பேசும் எந்தத் தத்துவ நூலும் தொடும் வேறொரு வழக்கு உண்டு. ஒரு பொருளின் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினால் கடைசியில் எஞ்சுவது அதே பொருளா? பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டிக் கேட்டது இதன் ஒரு வடிவம். சக்கரமோ அச்சோ நுகமோ தேர் இல்லை, இவற்றின் சேர்க்கைக்கு இட்ட வழக்குப் பெயரே தேர் என்பது பௌத்தரின் விடை. வைசேடிகர் அதை ஏற்கமாட்டார். அவயவங்களுக்கு வேறாக அவயவி என்ற முழுமை உண்டு. ஓர் அவயவம் நீங்கினால் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை பிறக்கிறது என்பார். சமணர் நிலைபேறும் மாற்றமும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பார். இந்த வாதம் அழகானது. ஆயினும் போலி விஷயத்தில் அது அதிகம் உதவாது. மூவரில் யார் சொல்வதை ஏற்றாலும், மாற்றியதை மாற்றியது என்று சொல்லிச் செய்தால் யாருக்கும் தீங்கில்லை. கேள்வி பொருளின் அடையாளத்தில் இல்லை, அதை அறியும் வழியில் இருக்கிறது.

அறியும் வழியைத் தமிழில் மிக ஒழுங்காகப் பேசும் நூல்களில் ஒன்று, பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார். பதியையும் பசுவையும் பாசத்தையும் பேசுவதற்கு முன் அது அளவையில் தொடங்குகிறது. அளவைகள் எத்தனை என்று ஒவ்வொரு சமயத்தாரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னாலும், அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்பது அதன் முடிவு. ஐயமும் திரிவும் நீங்கிய காட்சியே காட்சி. தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறுவது ஐயம். ஒன்றை மற்றொன்றாகவே துணிந்துவிடுவது திரிவு.

திரிவுக்கு இந்தியத் தத்துவ நூல்கள் விடாமல் எடுத்தாளும் எடுத்துக்காட்டு, கடற்கரையில் கிடக்கும் சிப்பியை வெள்ளி என்று காண்பது. இதற்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. முன்பு வேறெங்கோ கண்ட வெள்ளியின் நினைவு இங்கே ஏறிவிடுகிறது என்பார் நையாயிகர். காண்பதும் நினைவும் இரண்டு என்ற வேறுபாடு தோன்றாமல் போனதே பிழை, அறிவில் பொய் எதுவும் இல்லை என்பார் பிரபாகர மீமாம்சகர். உண்டென்றும் இல்லையென்றும் சொல்ல முடியாத ஒரு தோற்றம் அது என்பார் அத்வைதி. இராமாநுசர் வழியினரோ சிப்பியிலேயே வெள்ளியின் கூறு சிறிது இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது என்பார். போலிச் சில்லுக்கு இந்தக் கடைசி விளக்கம் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. தேய்த்து மறு அச்சிட்ட சில்லு பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் அல்ல. உள்ளே உண்மையான சிலிக்கான் இருக்கிறது, சில சமயம் அதே நிறுவனத்தின் தாழ்ந்த ரகமாகவே இருக்கிறது. மேசைமேல் வைத்துச் சோதித்தால் வேலையும் செய்யும். கடுங்குளிரிலோ கடும் வெப்பத்திலோ, பல மாதம் கழித்துத்தான் கைவிடும்.

ஆனாலும் இந்த எடுத்துக்காட்டில் ஓர் எல்லை உண்டு, அதைக் கடந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. சிப்பி யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆகவே பழைய நூல்கள் பிழையின் காரணத்தைக் காண்பவரிடமே தேடின: கண்ணின் கோளாறு, தூரம், மங்கிய ஒளி, இவற்றோடு ஆசையும். வெள்ளி வேண்டும் என்ற வேட்கை உள்ளவன்தான் சிப்பியைக் கண்டதும் குனிந்து எடுக்கிறான். போலிப் பாகத்தில் சிப்பியின் மேல் வெள்ளி என்று எழுதிவைத்த ஒருவர் இருக்கிறார், அந்தக் குற்றம் அவருடையது. என்றாலும் காண்பவரின் வேட்கை என்ற காரணம் மறைந்துவிடவில்லை. உற்பத்தி நின்றுபோன பாகத்துக்காக மாதக்கணக்காய் அலைந்தவர், இயந்திரம் நின்றுபோய்த் தினம் நட்டம் ஏறும் நிலையில் இருப்பவர், முன்பின் தெரியாத தரகர் ஒருவர் 'என்னிடம் இருக்கிறது, புதுச் சரக்கு' என்று சொல்லும்போது வெள்ளியையே காண்பார். விலை கூடுதலாக இருந்தாலும் வாங்குவார், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கமாட்டார். போலி செய்பவர் பணமாக்குவது சிப்பியை அல்ல, இந்தத் தவிப்பை. வழக்கொழிதலை முன்கூட்டியே பார்த்து ஏற்பாடு செய்வது கணக்கர் வேலை என்று தோன்றினாலும், அது மெய்யறிவுக்குத் தேவையான மன அமைதியை வாங்கும் செயல். தவிப்பில்லாதவன் கண்ணுக்குச் சிப்பி சிப்பியாகவே தெரிய வாய்ப்பு அதிகம்.

சித்தியாரின் மூன்று அளவைகளையும் ஒரு சோதனைக்கூடத்தில் காணலாம். உருப்பெருக்கியின் கீழ் வைத்து எழுத்துகளைப் பார்ப்பது, அசிட்டோன் தடவி மேற்பூச்சு கரைகிறதா என்று பார்ப்பது, எக்ஸ்ரே எடுப்பது ஆகியவை காட்சி. சில மாதிரிகளைச் சோதித்து முழுப் பெட்டியும் நல்லது என்று முடிவுசெய்வது கருதல். தயாரித்தவரிடமிருந்தோ அவர் அங்கீகரித்த விநியோகஸ்தரிடமிருந்தோ கைமாறிய வரலாறு எழுத்தில் தொடர்ந்து வந்து சேர்வது உரை.

நவீன மனம் இம்மூன்றில் காட்சியையே உச்சத்தில் வைக்கும், உரையைக் கடைசியில் தள்ளும். இங்கே வரிசை தலைகீழாகிறது. சில்லின் உறையை அமிலத்தால் கரைத்து உள்ளே பார்த்தால்தான் உண்மை முழுதாகத் தெரியும், ஆனால் பார்த்த சில்லு அதன்பின் எதற்கும் உதவாது. எல்லாவற்றையும் திறந்து பார்த்தால் பயன்படுத்த ஒன்றும் மிஞ்சாது. எனவே கருதலுக்குப் போக வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அடுப்பில் ஒரே நேரம் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். போலிச் சரக்கு விற்பவர் மேலடுக்கில் நல்லதையும் கீழே கெட்டதையும் கலந்து வைக்கும்போது, அனுமானத்துக்கு அடிப்படையான மாறாத உடனிருப்பு, வியாப்தி, அங்கேயே அறுந்துவிடுகிறது. சோதனை போலியைக் கண்டுபிடிக்கும், அசலை நிரூபிக்காது. பிழை காணப்படவில்லை என்று சொல்வதோடு அதன் நாவு நின்றுவிடும். அசல் என்று உறுதியாகச் சொல்ல எஞ்சுவது உரை ஒன்றே: அறிந்தவரும், அறிந்ததைத் திரிக்காதவருமான ஆப்தரின் சொல், இடையில் அறாமல் வந்த சொல்.

ராக்கெட் எஞ்சின் செய்யும் இடங்களில் இது அன்றாட நடைமுறை. விக்ரோலியின் அதே கோத்ரெஜ் வளாகத்தில்தான் இஸ்ரோவின் விகாஸ் எஞ்சின்கள் பல ஆண்டுகளாக உருவாகின்றன. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3-ஐ ஏற்றிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட்டின் திரவ எரிபொருள் நிலையில் இருப்பவை அந்த வகை எஞ்சின்கள். விண்வெளித் தொழிலில் ஓர் உலோகத் துண்டு எந்த உருக்கில் வார்க்கப்பட்டது என்பதிலிருந்து, எந்தப் பற்றவைப்பை யார் செய்தார், யார் பரிசோதித்தார் என்பதுவரை ஏடு தொடர்கிறது. பாகம் கண்முன்னே பளபளவென்று இருந்தாலும் அதன் தாள் தொலைந்துபோனால் அது பயன்படாது. உலோகத்தைவிடத் தாளுக்கு மதிப்பா என்று வெளியார் கேட்கலாம். அந்தத் தாள்தான் உரை. அதை இழந்த உலோகம் யாருடைய வாக்குமில்லாமல் நிற்கும் ஊமைப் பொருள்.

உரை அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு செப்புத் திருமேனியின் கதையில் கசப்போடு கற்றது. கும்பகோணம் அருகே சிவபுரத்தில் 1951-ல் மண்ணுக்கடியிலிருந்து சோழர் காலத் திருமேனிகள் சில கிடைத்தன, அவற்றில் ஒன்று நடராசர். ஊர்க் கோயிலில் வைக்கப்பட்ட அந்தத் திருமேனியைப் பழுதுபார்க்க 1950-களின் நடுவில் வெளியே கொடுத்தார்கள். திரும்பி வந்தது அதைப்போலவே வார்த்த பிரதி. அசல் பம்பாய்ச் சேகரிப்பாளர் கைக்குப் போனது. கோயிலில் இருப்பது அண்மைக் காலப் பிரதி என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் 1965-ல் தம் நூலில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளிவந்தது. 1973-ல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் ஒன்பது லட்சம் டாலருக்கு அசலை வாங்கினார். இந்திய அரசு வழக்காடி, உடன்பாடு எட்டி, 1986-ல் நடராசர் நாடு திரும்பினார்.

இந்தக் கதையில் போலி நுழைந்த வாசலைப் பார்க்க வேண்டும். இரவில் பூட்டு உடைபடவில்லை. பழுதுபார்த்தல் என்ற நல்ல தேவையின் வழியாக, கைமாறும் கணத்தில், சரிபார்ப்பவர் இல்லாத இடத்தில் அது நுழைந்தது. விமானப் பாகத்துக்கும் அதே வாசல்தான்.

ஆனால் சமயத்தின் கேள்வி இங்கே இயந்திரத்தின் கேள்வியிலிருந்து பிரிகிறது. அந்த ஆண்டுகளில் சிவபுரத்தில் பிரதியின் முன் கைகூப்பியவர்களின் வழிபாடு வீணா? வீணில்லை என்றே சைவம் சொல்லும். எந்தத் தெய்வத்தை எந்த வடிவில் வழிபட்டாலும் அவ்வடிவில் நின்று ஏற்பவன் சிவனே என்பது சித்தியாரின் கொள்கை. அன்பின் மெய்ம்மை அது தொட்ட உலோகத்தின் மெய்ம்மையைச் சார்ந்ததல்ல. ஏமாற்றியவரின் பாவம் ஏமாந்தவரின் பக்தியைக் கறைப்படுத்தாது. இயந்திரத்துக்கு இந்த அருள் கிடையாது. விமானியின் நம்பிக்கை எவ்வளவு தூயதாக இருந்தாலும் சுமை அந்த ஆணியின் மேல்தான் இறங்கும், ஆணி தாங்குமளவே தாங்கும். நம்பிக்கையால் நிறைவுபெறும் உறவு ஒருவகை, நம்பிக்கைக்குத் தகுதியாக இருந்தே தீரவேண்டிய உறவு மற்றொரு வகை. இரண்டாம் வகையில் 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று சொல்வது பக்தி ஆகாது. தன் கடமையைக் கடவுள் மேல் ஏற்றிவிடுவது ஆகும்.

சிலை மாற்றுவதையே ஆகமம் தடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருமேனி பின்னப்பட்டால், கோபுரம் சிதைந்தால் ஜீர்ணோத்தாரணம் செய்யலாம், செய்யவும் வேண்டும். திருப்பணி தொடங்கும்முன் கலாகர்ஷணத்தால் தெய்வ சான்னித்தியம் கும்பத்துக்கு மாற்றப்படுகிறது, பணி முடியும்வரை பாலாலயத்தில் வழிபாடு தடையின்றி நடக்கிறது, முடிந்ததும் குடமுழுக்கு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கத்தை மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் கோயில்களும் மறக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் மூன்று கூறுகள் கவனத்துக்குரியவை. மாற்றம் ஊரறிய நடக்கிறது. அதற்குக் காலம் முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது, இடிந்து விழும்வரை யாரும் காத்திருப்பதில்லை. இடைக்காலத்தில் வழிபாடு நிற்பதும் இல்லை, ஆகவே எதையாவது வைத்துச் சமாளிக்கும் அவசரம் எழுவதில்லை. சிவபுரத்தில் தவறியது சிற்பக்கலையோ பக்தியோ அல்ல. ஊரறிய நடந்திருக்க வேண்டிய காரியம் ஊர் பார்க்காத இடத்தில் நடந்தது.

செய்பவரின் கடமை எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு இனி வரலாம். மின்னணுத் தொழிலில் ஒரு பாகத்தை நிறுத்துபவர் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஜெடெக் அமைப்பின் தரம் கடைசி ஆர்டருக்குக் குறைந்தது ஆறு மாதமும் கடைசி விநியோகத்துக்குப் பன்னிரண்டு மாதமும் அவகாசம் கேட்கிறது. வாங்குபவர் அந்த அவகாசத்தில் தம் இயந்திரத்தின் எஞ்சிய ஆயுளுக்குத் தேவையானதைக் கணக்கிட்டுக் கடைசிக் கொள்முதல் செய்கிறார், அல்லது மாற்றுப் பாகத்துக்கேற்ப வடிவமைப்பைத் திருத்துகிறார். உற்பத்தி உரிமையையும் அச்சுகளையும் முறைப்படி வாங்கி, நிறுத்தப்பட்ட பாகங்களைத் தொடர்ந்து செய்து தரும் நிறுவனங்களும் உலகில் உண்டு. இவை எல்லாம் சேர்ந்தாலும் நாற்பதாண்டு ஓடும் இயந்திரத்துக்கு ஓராண்டு அவகாசம் சிறியது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தபோது இந்திய விமானப்படைக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. மிக் விமானங்களின் பாகங்களைச் செய்த ஆலைகள் பல நாடுகளில் சிதறின, 1963-ல் படையில் சேர்ந்த மிக்-21 வகையோ 2025 செப்டம்பர் வரை பறந்தது.

வணிகச் சட்டம் இந்தக் கடமையைக் குறுகலாகவே காண்கிறது: உத்தரவாதக் காலம் தீர்ந்தால் பொறுப்பும் தீர்ந்தது. அறம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. ஒரு பொருளைச் செய்து உலகில் விட்டவர், அது உயிரோடு இருக்கும்வரை அதை நம்பி வாழ்பவர்களை உண்டாக்கியிருக்கிறார். உற்பத்தியை நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு, ஏனென்றால் நட்டத்தில் ஓட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நிறுத்திய பிறகும் வரைபடங்களைப் பூட்டிவைத்து, பிறர் நேர்மையாகச் செய்யும் வழியையும் அடைத்து, பழுதுபார்ப்பதைத் தடுப்பவர், போலிக்குச் சந்தையைத் திறந்துவிடுகிறார் என்ற பழியிலிருந்து தப்ப முடியாது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியதற்குப் பின்னால் இந்த உணர்வின் ஒரு பகுதி இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் பொருள் செத்த பிறகும் தயாரிப்பாளருக்குப் பொறுப்புண்டு என்கின்றன. கழிவு நேரான வழியில் போய்ச் சேர்ந்தால் மறு அச்சுக்குப் போகும் சில்லுகள் குறையும்.

வாங்குபவரின் பக்கம் ஒரு கடினமான நிலை எஞ்சுகிறது. எல்லா ஏற்பாடும் தவறி, அசல் எங்கும் இல்லாமல், வரலாறு தெரியாத ஒரு பாகத்தைப் பொருத்தியே ஆகவேண்டிய நாள் வரலாம். மருத்துவமனைக் கருவி நின்றால் நோயாளி காத்திருக்கமாட்டார். பொய்யாமையைப் பேரறமாகப் போற்றும் இந்த மரபுகள் இங்கே கேட்பது ஒன்றைத்தான்: தெரியாததைத் தெரியாதது என்று எழுதிவை. மூலம் அறியப்படவில்லை, இன்னின்ன சோதனைகள் செய்யப்பட்டன, இன்ன சுமைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம், அசல் கிடைத்ததும் மாற்றுக என்று கருவியின் ஏட்டில் பதிந்து, அதை இயக்குபவருக்கும் வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் செய்யும்போது அந்தப் பாகம் ஐயத்துக்குரியதாகவே இருக்கும், ஆனால் போலியாக இருக்காது. அடுத்து அதைக் கையிலெடுப்பவர் சிப்பியா வெள்ளியா என்று தாமே ஆராயும் உரிமையோடு எடுப்பார்.